ஏழையின் பக்கமிருந்து ஒரு வேதசாஸ்திரம்

பெரு தேசத்தின் பசிபிக் கரையிலே, லிமா நகருக்கு வடக்கே, சிம்போத்தே என்றொரு துறைமுகப்பட்டினம் இருக்கிறது. 1960-களில், நெத்திலி இனத்து மீனை வலைவலையாக வாரியெடுத்து, உலர்த்திப் பொடித்து, அயல்நாட்டுக் கோழிப் பண்ணைகளுக்கும் பன்றிப் பண்ணைகளுக்கும் தீவனமாக ஏற்றுமதி செய்த ஆலைகளால் அவ்வூர் திடீரென்று பெருத்தது. ஆண்டிஸ் மலையிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கி வந்த கெச்சுவா மொழிக் குடியானவர்கள், மணல்மேட்டிலும் சதுப்பு நிலத்திலும் பாய்த் தட்டிகளால் குடிசை கட்டிக்கொண்டு, ஆலைப்புகையின் நாற்றத்தைச் சுவாசித்தபடியே வாழத் தலைப்பட்டார்கள். 1968 ஜூலையில் அவ்வூரில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், அப்போதுதான் நாற்பது வயது நிரம்பியிருந்த குஸ்தாவோ குத்தியேரஸ் என்னும் குருவானவர், விடுதலையைப் பற்றிய ஓர் இறையியலை நோக்கி என்ற பொருளில் ஒரு சொற்பொழிவாற்றினார். அடுத்த மாதமே கொலம்பியாவின் மெதெயின் நகரில் இலத்தீன் அமெரிக்க ஆயர்களின் மகாசபை கூடி, தங்கள் கண்டத்தின் வறுமையை அநீதியின் விளைவென்று பகிரங்கமாக எழுதி வைத்தது. விடுதலை இறையியல் என்று இன்று உலகமெங்கும் வழங்கும் துறையின் ஜாதகத்தை இந்த இரண்டு மாதங்களிலிருந்து கணிப்பதே வழக்கம்.

இத்துறையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதனை ஓர் அரசியல் விவகாரமாகவே கையாளுகிறார்கள். அதில் மார்க்ஸியம் எத்தனை பங்கு, உரோமாபுரி அதை எப்போது கண்டித்தது, எப்போது மன்னித்தது என்ற கேள்விகளே அவர்களுக்குப் பிரதானமாகத் தோன்றுகின்றன. அவை அற்பமான கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், 2024 அக்டோபரில் தம்முடைய தொண்ணூற்றாறாம் வயதில் லிமாவிலே காலமான அந்தக் குருவானவரின் நூல்களை வரிசையாகப் படித்து வருகிறவனுக்கு, அவர் முதன்மையாக ஒரு கிளர்ச்சிக்காரராகத் தென்படுவதில்லை. பழைய நூல்களைப் புதிய இடத்தில் அமர்ந்து வாசித்த பண்டிதராகவே தென்படுகிறார். அவருடைய புகழுக்குக் காரணமான முதல் நூலைக் காட்டிலும், பின்னாளில் அவர் விவிலியத்து யோபுவைப் பற்றியும், அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக வாதாடிய பதினாறாம் நூற்றாண்டுக் குருவாகிய லாஸ் காஸாஸைப் பற்றியும் எழுதிய நூல்களே நிலைத்து நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

கெச்சுவா இரத்தமும் கலந்த எளிய குடும்பமொன்றில் 1928-இல் பிறந்த குத்தியேரஸ், பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை எலும்பைப் பற்றிய ஒரு நோயினால் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாகக் காலங்கழித்தவர். அந்த அநுபவத்தினால்தானோ என்னவோ, முதலில் சான் மார்கோஸ் சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். பிறகு குருத்துவத்தின்பால் மனம் திரும்பி, பெல்ஜியத்து லுவேனில் தத்துவமும் உளநூலும், பிரான்ஸின் லியோன் நகரில் இறையியலும் கற்று, 1959-இல் குருப்பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவர் ஒருபுறம் கத்தோலிக்க சர்வகலாசாலையில் ஆசிரியராகவும், மறுபுறம் லிமாவின் ரீமாக் என்னும் ஏழைப் பகுதியில் பங்குக் குருவாகவும் பணியாற்றினார். காலையில் வகுப்பறை, மாலையில் சேரி என்ற இந்த இரட்டை வாழ்வு அவருக்கு ஒரு விசித்திரமான உண்மையைப் புலப்படுத்தியது. ஐரோப்பாவில் அவர் கற்ற சாஸ்திரம் முழுவதும், கடவுளை நம்ப மறுக்கும் படித்த மனிதனுக்கு விடை சொல்வதற்காகக் கட்டப்பட்டது. ரீமாக்கின் ஜனங்களோ கடவுளை நம்புகிறவர்கள். அவர்களை மனிதராகவே மதிக்க மறுத்தது உலகம். மனிதரென்று எண்ணப்படாதவரிடம் சென்று, கடவுள் உன்னை நேசிக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அவருடைய நூல்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரே கேள்விதான் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வருகிறது.

1971-இல் லிமாவில் வெளிவந்து, இரண்டாண்டுகளில் ஆங்கிலத்துக்கும் சென்ற அவருடைய முதற்பெரு நூல், 'விடுதலை இறையியல்', இறையியல் என்பது இரண்டாவதாக நிகழும் செயல் என்ற கொள்கையை முன்வைத்தது. ஏழைகளோடு கூடி நிற்பதும் ஜெபிப்பதும் முதற்செயல். அந்த வாழ்வை வேதவாக்கியத்தின் ஒளியில் விமரிசித்து ஆராய்வதே சாஸ்திரம். சிந்தித்து முடித்துவிட்டுப் பிறகு செயலில் இறங்குவது என்னும் பள்ளிக்கூட முறையை இது தலைகீழாக்கிவிடுகிறது. விடுதலை என்பதையும் அவர் ஒற்றைப் பொருளில் கையாளவில்லை. பொருளாதார, சமூக அடிமைத்தனத்திலிருந்து விடுபடுவது, தன் சரித்திரத்தைத் தானே நடத்தும் மனிதனாக எழுவது, பாவத்திலிருந்து மீட்கப்படுவது என்று மூன்று தளங்களைப் பிரித்துக் காட்டி, அவை ஒன்றையொன்று விழுங்கிவிடாமலும் ஒன்றைவிட்டொன்று பிரியாமலும் இருக்கவேண்டும் என்று வாதிட்டார். வறுமைக்கும் அவ்வாறே மூன்று பொருள் கண்டார். உண்ண இல்லாத வறுமை தீமை. கடவுளையே சார்ந்து நிற்கும் உள்ளத்தின் எளிமை ஒரு குணம். பிறர் வறுமையை எதிர்ப்பதற்காக ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் வறுமை ஒரு சாட்சியம். வறுமையைப் புண்ணியமென்று போற்றிப் பிரசங்கித்த பழைய மேடைகளுக்கு இந்தப் பாகுபாடு பேரிடியாக விழுந்திருக்க வேண்டும்.

அந்நூலிலே பழுதுபட்ட பகுதி எதுவென்று கேட்டால், பொருளாதாரப் பகுதி என்றே சொல்ல வேண்டும். 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையும் அமெரிக்க அரசும் 'அபிவிருத்தி' என்பதை மந்திரம்போல் உச்சரித்துக்கொண்டிருந்தபோது, ஏழை நாடுகள் பின்தங்கியவை அல்ல, பணக்கார நாடுகளின் செழிப்புக்காகவே அவை அந்நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று கூறிய சார்புநிலைக் கோட்பாட்டை குத்தியேரஸ் ஏறக்குறைய முழுமையாகவே ஏற்றுக்கொண்டார். அக்கோட்பாடு எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கிறது. அது தந்த விடை பிற்காலத்துப் பொருளாதார அறிஞர்களின் பரிசோதனையில் பல இடங்களில் தேய்ந்துபோயிற்று. இதை அவரே உணர்ந்திருந்தார் என்பது அவருடைய பெருமை. 1988-இல் வெளிவந்த திருத்திய பதிப்பிற்கு ஒரு நீண்ட புதிய முன்னுரை எழுதி, சார்புநிலைக் கோட்பாட்டின் போதாமையை ஒப்புக்கொண்டு, இனம், பெண்கள் நிலை ஆகியவற்றைத் தாம் முன்னர் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டு, வர்க்கப் போராட்டத்தைப் பற்றிய பிரிவைப் புதிதாகவே எழுதினார். எதிரிகள் அந்தப் பழைய பிரிவையே இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

அவருடைய போதனையைப் பற்றியும் இங்கே சில வார்த்தைகள் சொல்லவேண்டும். மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் அவரை வருந்தி அழைத்துக்கொண்டிருந்த காலத்திலும், லிமாவில் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நடந்த இறையியல் வகுப்புகளை அவர் பெரிதாக மதித்தார். உபதேசியார்களும், கன்னியர்களும், கிராமத்து ஆசிரியைகளும், தொழிற்சங்கத்தாரும் நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து அவற்றில் அமர்ந்தார்கள். 1974-இல் அவர் லிமாவிலே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸின் பெயரைத் தாங்கியது. சேரியின் ஆராதனைக் கூட்டத்தில் ஒரு கிழவி கேட்ட கேள்வியிலிருந்து ஓர் அத்தியாயத்தைத் தொடங்கி, அடுத்த பக்கத்திலேயே அக்குவினாஸிடமும் அகுஸ்தீனாரிடமும் சென்றுவிடும் அவருடைய எழுத்தின் நடை, இந்த வகுப்புகளின் பழக்கத்தால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

உரோமாபுரியோடு நேர்ந்த பிணக்கை விரைவாகவே கடந்து செல்லலாம். 1983-இல், அப்போது விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் ராட்சிங்கர், குத்தியேரஸின் எழுத்துக்களைப் பற்றிப் பத்து ஆட்சேபணைகளைப் பெரு நாட்டு ஆயர்களுக்கு அனுப்பினார். ஆயர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றமையால் அவரைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறவில்லை. 1984-இல் வந்த உரோமைச் சாசனம் மார்க்ஸிய ஆராய்ச்சி முறையைத் தழுவுவோரைக் கடுமையாக எச்சரித்தது. 1986-இல் வந்த மறு சாசனம் சற்றே கனிந்து, ஏழைகளின்பால் சபைக்கு இருக்கவேண்டிய நேசத்தை அழுத்திப் பேசியது. பிரேஸிலைச் சேர்ந்த இறையியலாளர் லெயொனார்தோ போஃப் 1985-இல் மௌன தண்டனைக்கு உள்ளானதைப்போல, குத்தியேரஸ் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. அவர் சண்டையிடாமல், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அடிக்குறிப்புகளோடு பொறுமையாக விடை எழுதிக்கொண்டிருந்தார். அதன் விளைவாக ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அவரிடம் மாணவராக அமர்ந்து, பின்னர் அவரோடு சேர்ந்து ஒரு நூலும் எழுதிய ஜெர்மானியராகிய கெர்ஹார்ட் முல்லர், 2012-இல் ராட்சிங்கர் முன்பு வீற்றிருந்த அதே பேராயத்துக்குத் தலைவரானார். 2001-இல் குத்தியேரஸ் தொமினிக்கன் துறவறத்தில், நம் ஊர்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்று வழங்குவதில், சேர்ந்துகொண்டார். அமெரிக்காவின் நோத்ரு தேம் சர்வகலாசாலையிலும் பேராசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார்.

இனி, நிலைத்து நிற்கும் என்று நான் முதலில் சொன்ன அந்த இரண்டு நூல்களுக்கு வருவோம். 1986-இல் வெளிவந்த யோபு நூல், பெருவின் மலைநாட்டில் ஒளிரும் பாதைக் கெரில்லாக்களும் அரசுப் படையும் கிராமங்களைப் பந்தாடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது. பின்னர் 2003-இல் அறிக்கையளித்த உண்மை அறியும் ஆணைக்குழு, அந்தக் கொடுமையில் மாண்டவர்களை ஏறக்குறைய 69,000 என மதிப்பிட்டு, அவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழி பேசியவர்கள் என்று கண்டது. இந்த இரத்தப் பின்னணியில் குத்தியேரஸ் கேட்டது, துன்பம் ஏன் வருகிறது என்ற பழைய கேள்வியன்று. குற்றமற்றவன் துன்புறும் இடத்தில் நின்று கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதே. யோபுவின் நண்பர்கள் சாம்பலில் அமர்ந்திருப்பவனிடம், நீ பாவம் செய்திருப்பாய், ஆகவே தண்டனை அநுபவிக்கிறாய் என்று நயமாகவும் நீண்டதாகவும் உபதேசிக்கிறார்கள். கர்மவினை என்ற பேச்சில் வளர்ந்த நம் காதுகளுக்கு இந்த உபதேசம் அந்நியமாகவே ஒலிக்காது. யோபு அதை ஏற்க மறுக்கிறான். குத்தியேரஸ் இங்கே வாசகனின் கையைப் பிடித்து இருபத்துநான்காம் அதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறார். அதுவரை தன் புண்களையே பற்றிப் புலம்பி வந்த யோபு, அந்த அதிகாரத்தில் திடீரென்று பிறரைக் காண்கிறான்: எல்லைக்கல்லை நகர்த்தி நிலத்தைக் கவர்ந்தவர்கள், அநாதையின் கழுதையை ஓட்டிச் சென்றவர்கள், உடையின்றிக் குளிரில் கிடக்கும் கூலிகள், திராட்சை ஆலையை மிதித்தும் தாகத்தோடிருக்கும் உழைப்பாளிகள். தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று அவன் உணரும் அந்தக் கணத்திலேயே தீர்க்கதரிசியின் மொழி அவன் வாயில் பிறக்கிறது என்கிறார் ஆசிரியர்.

நூல் அத்தோடு நின்றிருந்தால் அதை ஒரு நல்ல அரசியல் வியாக்கியானம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மேலும் ஒரு படி செல்கிறார். சூறாவளியிலிருந்து பேசும் கடவுள் யோபுவின் குற்றச்சாட்டுகளுக்கு விடையே சொல்லாமல், மனிதன் ஒருவனும் இல்லாத பாழ்நிலத்திலும் மழை பெய்வதைச் சுட்டிக்காட்டுகிறார். யாருக்கும் பயனில்லாத இடத்தில் பொழியும் அந்த மழையிலே குத்தியேரஸ் கடவுளின் காரணமற்ற கருணையைக் காண்கிறார். நீதி வேண்டும் என்ற கூக்குரலும், நீதியின் கணக்கில் அடங்காத அருளை வியக்கும் தியானமும் ஒன்றையொன்று நாடுகின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று கெட்டுப்போகும் என்பது அவர் முடிவு. விடுதலை இறையியல் பக்தியை அரசியலாக்கிவிட்டது என்று குறை கூறுகிறவர்கள், இந்தச் சிறு நூலைப் படித்த பின்னும் அப்படிச் சொல்ல முடியுமா என்பது சந்தேகமே.

1992-இல், கொலம்பஸ் வந்திறங்கிய ஐந்நூறாம் ஆண்டை ஐரோப்பா கொண்டாடவும் அமெரிக்கப் பூர்வகுடிகள் துக்கங் காக்கவும் தலைப்பட்டபோது, பதினாறாம் நூற்றாண்டின் லாஸ் காஸாஸைப் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. இளமையில் லாஸ் காஸாஸே கியூபாவில் பூர்வகுடிகளை வேலை வாங்கும் உரிமை பெற்ற ஜமீன்தாராக இருந்த குருவானவர். 1514-இல் பெந்தகோஸ்தே திருநாளுக்குப் பிரசங்கம் தயாரிக்க அமர்ந்தவர், சீராக் ஆகமத்தின் முப்பத்துநான்காம் அதிகாரத்தில், ஏழைகளின் உடைமையிலிருந்து பலி செலுத்துவது தகப்பனின் கண்ணெதிரே மகனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைக் கண்டு திடுக்கிட்டு, சிறிது காலத்தில் தம் கீழிருந்த பூர்வகுடிகளை விடுவித்துவிட்டார். பிறகு ஐம்பதாண்டுகள், 1550-இலும் அடுத்த ஆண்டிலும் வல்யதோலிதில், பூர்வகுடிகள்மீதான போரை நியாயப்படுத்திய செபுல்வேதாவோடு நடந்த பெருவாதம் உட்பட, அவர்களுடைய உரிமையைத் தவிர அவர் வேறெதற்காகவும் வாழவில்லை. அதே லாஸ் காஸாஸ் ஒரு காலத்தில் பூர்வகுடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை கூறியதையும், பின்னாளில் அதற்காக மனம் நொந்து எழுதியதையும் குத்தியேரஸ் மறைக்கவில்லை. அடிபட்ட பூர்வகுடியின் உடலில் சிலுவையுண்ட கிறிஸ்துவையே லாஸ் காஸாஸ் கண்டார் என்பதை, கடிதங்களையும் மனுக்களையும் சரித்திரங்களையும் வரிவரியாக அலசி அவர் நிறுவும் பகுதிகள், சரித்திரப் பேராசிரியர்களும் மதிக்கும் தரத்தில் அமைந்திருக்கின்றன. விடுதலை இறையியல் 1968-இல் முளைத்த புதுப்பயிர் அன்று, நானூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த விதை என்பதை இந்நூல் வாதமாக இல்லாமல் ஆதாரமாகக் காட்டுகிறது.

குத்தியேரஸ் இத்துறையின் ஒரே ஆசிரியர் அல்லர். ஐக்கிய அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்ற கறுப்பினப் பேராசிரியர், லிமா நூல் வருவதற்கு முன்பே, 1969-லும் 1970-லும் தம் நூல்களை வெளியிட்டுவிட்டார். எல் சல்வதோரில் ஏழைகளின் பக்கம் நின்ற பேராயர் ரொமேரோ 1980-இல் பலிபீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1989-இல் அந்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றில் இக்னாசியோ எயாகுரியா உள்ளிட்ட ஆறு இயேசு சபையினரும் இரு பெண்களும் இராணுவத்தால் கொலையுண்டார்கள். மெக்ஸிகோவில் பிறந்த எல்சா தாமெஸ், கானாவைச் சேர்ந்த மெர்சி அம்பா ஒதுயோயே போன்ற பெண்மணிகள், ஏழைகள் என்ற பொதுப்பெயருக்குள் பெண்கள் மறைந்துபோவதை எடுத்துக்காட்டினார்கள். ஆயினும், சபை ஏழைகளைத் தேர்ந்தது, ஏழைகளோ பெந்தகோஸ்தே சபைகளைத் தேர்ந்துகொண்டார்கள் என்ற கேலி இலத்தீன் அமெரிக்காவில் வழங்குகிறது. அதில் உண்மை நிறையவே இருக்கிறது.

ஆசியாவுக்கு இத்துறை வந்தபோது அது திருத்தப்பட்டே வந்தது. மூன்றாம் உலக இறையியலாளர் சங்கம் 1976-இல் தார் எஸ் சலாமில் தோன்றி, 1979 ஜனவரியில் இலங்கையின் வென்னப்புவையில் ஆசிய மாநாட்டைக் கூட்டியது. பௌத்த சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரும் களனியில் துலான என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவருமான இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் அங்கே படித்த கட்டுரை, இலத்தீன் அமெரிக்கர்களின் ஆராய்ச்சியை மதித்துக்கொண்டே மறுத்தது. ஆசியாவில் ஏழைகள் பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லர். அவர்களுடைய மதங்களை மூடநம்பிக்கை என்று தள்ளும் மார்க்ஸின் பார்வையும் மிஷனரியின் பார்வையும் இங்கே ஒன்றுபோலவே தோல்வியுறும் என்றார் அவர். சபை ஆசியாவின் மதங்களாகிய யோர்தானிலும், ஆசியாவின் வறுமையாகிய கல்வாரியிலும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பது அவர் கோரிக்கை.

அதே தீவில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய, பொருளாதாரம் பயின்றவராதலால், கேள்வியை உலக அளவுக்கு விரித்தார். ஐரோப்பியர் அமெரிக்காக்களையும் ஆஸ்திரேலியாவையும் கைப்பற்றிக்கொண்டு, பிறகு ஆசியரை உள்ளே விடாமல் வாயிலை அடைத்துக்கொண்டதே உலக அநீதியின் அடிப்படைகளில் ஒன்று என்றும், நிலமும் ஜனத்தொகையும் பொருந்தாதிருக்கும் இந்த ஏற்பாட்டை இறையியல் கேள்வி கேட்கவேண்டும் என்றும் எழுதினார். நற்கருணையை விடுதலையின் கண்கொண்டு ஆராய்ந்த அவருடைய 1977 நூல், தெய்வப் பந்தியில் ஒன்றாக அமர்ந்தவர்கள் வெளியே வந்ததும் ஏன் சுரண்டுகிறவனும் சுரண்டப்படுகிறவனுமாகப் பிரிந்துபோகிறார்கள் என்று வினவியது. மரியன்னையைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் சபைவிலக்கு விதிக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டில் அது நீக்கப்பட்டது. குத்தியேரஸுக்கு நேராத தண்டனை அவருக்கு நேர்ந்தது. இருவரின் மனோபாவத்தையும் ஒப்பிட்டால் அது வியப்பன்று.

இந்தியாவில் எழுந்த விமரிசனம் இன்னும் கூர்மையானது. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்தியக் கிறிஸ்தவ இறையியல் வேதாந்தத்தோடு பேசிப் பேசியே காலங்கழித்து, கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டது என்று குற்றஞ்சாட்டியது. லிமாவிலிருந்து இறக்குமதியான விடுதலை இறையியலும் வர்க்கத்தை மட்டுமே பார்த்து ஜாதியைக் காணத் தவறியது என்றார் அவர். சென்னைக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென ஒரு துறையே அவர் தலைமையில் ஏற்பட்டது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்று மாணவர்கள் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு, கீர்த்தனை மரபில் ஊறியிருந்த தமிழ்ச் சபைக்கு நாட்டுப்புற மெட்டிலே வழிபாட்டு முறை அமைத்து, பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதையே நற்கருணையின் பொருளாகப் போதித்தார். புத்தகத்தால் எட்ட முடியாத ஜனங்களிடம் பாட்டினால் சென்ற இந்த முயற்சியே, இரண்டாவது செயல் என்று குத்தியேரஸ் சொன்னதைத் தமிழ்நாட்டில் மிக நெருங்கி வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிர்மலின் கொள்கையில் ஒரு கடினமான முடிச்சு இருந்தது. தலித் இறையியல் தலித்துகளாலேயே, அவர்களுடைய வேதனையின் அநுபவத்திலிருந்தே எழவேண்டும் என்று வற்புறுத்திய அவர், அந்த வேதனைக்கு அப்பால் அம்மக்களுக்கென்றே உள்ள மத வாழ்வை அதிகம் ஆராயவில்லை. சத்தியநாதன் கிளார்க் 1998-இல் வெளியிட்ட நூல் அந்த இடத்தை நிரப்ப முயன்றது. தமிழ்நாட்டுப் பறையர்களிடையே எல்லையம்மன் வழிபாட்டையும் பறையொலியையும் ஆராய்ந்து, எழுத்தில்லாதவர்கள் தங்கள் இறையியலைப் பறையிலேயே முழக்கி வைத்திருக்கிறார்கள் என்று கூறிய அவர், கிறிஸ்துவையே அந்தப் பறையாக உருவகித்தார். வென்னப்புவையில் பீரிஸ் கேட்டதற்கும் பெங்களூரில் நிர்மல் கேட்டதற்கும் ஒருசேர விடை தேடிய நூல் இது. பறை சாவுக்கு அடிக்கும்படி திணிக்கப்பட்ட இழிதொழிலின் சின்னம், அதைக் கோயிலுக்குள் தூக்கிவராதீர்கள் என்று தலித் கிறிஸ்தவர்களிலேயே ஒரு சாரார் கூறும் ஆட்சேபம் இதனால் அடங்கிவிடவில்லை. அந்த ஆட்சேபத்துக்கு முழுமையான பதில் சொல்லும் நூல் எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.